கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால், கோப்பை நகர்த்தும் லினக்ஸ் கட்டளையான எம்வி ஏன் திணறுகிறது?

ஸ்கிரிப்டில் கோப்புப் பெயரை வைத்திருக்கும் மாறியை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். "ஆத்தங்குடி பூக்கல்" படத்தை நகர்த்தும்போது "ஆத்தங்குடி என்று கோப்பே இல்லை" என்று வருவது நின்றுவிடும். மேற்கோள் இல்லாவிட்டால், ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் இடைவெளியில் வெட்டி, இரண்டு பெயராக எம்வியிடம் நீட்டும்.

லூப், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை தரும் பட்டியலில் சுற்றுகிறதா? அப்படியென்றால் மேற்கோள் மட்டும் போதாது, பெயர் அங்கேயே உடைந்துவிடும். எல்எஸ்ஸைத் தூக்கிவிட்டு நேரடியாக நட்சத்திரக் குறி, புள்ளி, ஜேபிஜி என்று கொடுங்கள். இந்த எல்எஸ் பழக்கத்தை யார்தான் பரப்பினார்களோ!

சோதிக்க, நகல் ஃபோல்டரில் பாஷுக்கு, ஓடும் கட்டளைகளைத் திரையில் காட்டும் ஹைபன் எக்ஸ் சேர்த்து ஓட்டுங்கள். இடைவெளி உள்ள ஒவ்வொரு பெயரும் ஒற்றை மேற்கோளுக்குள் முழுசாகத் தெரிந்தால் சரி.

ஒன்று: காரைக்குடிக் கடைப் படமும் கானாடுகாத்தான் கடைப் படமும் ஒரே பெயரில் வந்தால், ஸ்கிரிப்டில் ஓடும் எம்வி பொதுவாகக் கேட்காமலே பழையதை அழித்து எழுதிவிடும். அதைத் தடுக்க எம்வியோடு ஹைபன் என் சேர்த்துக்கொள்ளுங்கள்.