காலனிக்கு செப்டிக் டேங்க்கா, இரட்டைக் குழியா?

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றம் நிதி திரட்டி, பக்கத்துக் காலனியில் 14 வீடுகளுக்குக் கழிப்பறை கட்டித்தரப் போகிறது. கொத்தனார் செப்டிக் டேங்க்தான் சரி என்கிறார். இரட்டைக் குழி போதும் என்கிறார்கள் சிலர். குழி நாறாதா?

பதில்: நிலத்தடி நீர் ஆழத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இரட்டைக் குழிதான். செப்டிக் டேங்க்கில் இருந்து வழியும் நீருக்குத் தனியே உறிஞ்சுகுழி வேண்டும். பணம் போதாமல் அதை விட்டுவிட்டு, குழாயைத் தெருச் சாக்கடையில் திருப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. தொட்டி நிறைந்தால் லாரி வர வேண்டும். சந்துக்குள் லாரி நுழையாவிட்டால் யாரை இறக்குவார்கள் என்று உங்களுக்கே தெரியும். பாதுகாப்பின்றி ஆட்களை மலத்தொட்டியில் இறக்குவதை 2013 சட்டம் தடுத்தும் விஷவாயுச் சாவுகள் நின்றபாடில்லை.

இரட்டைக் குழியில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். சுமார் ஒரு மீட்டர் அகலம், அதைவிடச் சற்று அதிக ஆழம். அடியில் கான்கிரீட் கூடாது. சுவரில் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்க வேண்டும். நீரும் வாயுவும் மண்ணுக்குள் போய்விடும், காற்றுக் குழாய்கூட வேண்டாம். நாற்றத்தைத் தடுப்பது கழிப்பறைக் கோப்பையின் வளைவில் நிற்கும் தண்ணீர். சரிவு அதிகமுள்ள கிராமப்புறக் கோப்பையாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு லிட்டரில் வேலை முடியும். குடம் சுமக்கிற வீட்டுக்கு அது சின்ன விஷயமல்ல. ஒரு குழி நிறைந்ததும் அடுத்ததற்கு மாற்றி, பழையதை இரண்டு வருடம் மூடிவைத்தால் உள்ளே இருப்பது உலர்ந்த எரு. 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்கதேவிபள்ளியில் மத்திய அரசுச் செயலாளராக இருந்த பரமேஸ்வரன் ஐயரே அப்படியொரு குழிக்குள் இறங்கி அள்ளிக் காட்டினார்.

கொத்தனார்கள் கோட்டை விடுவது சந்திப்புப் பெட்டியில். கோப்பையிலிருந்து வரும் குழாய் அங்கே இரண்டாகப் பிரியும். ஒரு வாயைச் செங்கல் வைத்து லேசாகப் பூசி அடைக்க வேண்டும். இரண்டையும் திறந்துவிட்டால் இரண்டு குழியும் ஒன்றாக நிறையும், பிறகு மாற்ற எதுவும் இருக்காது. மூடி போடுவதற்கு முன் உங்களில் ஒருவர் குனிந்து பார்த்துவிடுங்கள். எந்த வாய் அடைத்திருக்கிறது என்று வீட்டுக்காரர்களுக்கும் காட்டுங்கள்.

குடிநீர்க் கிணறு, அடிபம்பிலிருந்து 10 மீட்டராவது தள்ளித் தோண்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிணற்று நீர் எதுவரை ஏறும் என்று காலனிப் பெண்களைக் கேளுங்கள். குழியின் அடி அந்த மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் குழியே வேண்டாம், வேறு வகைக் கழிப்பறைதான். காவிரிக் கரை முசிறியில் சுப்புராமனின் ஸ்கோப் தொண்டு அமைப்பு, சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே சேர்க்கும் எக்கோசான் கழிப்பறைகளைக் கட்டியிருக்கிறது; போய்ப் பாருங்கள்.

தூய்மை இந்தியா திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ரூ.12,000 கிடைக்கும். கட்டத் தொடங்குமுன் ஊராட்சிச் செயலரிடம் விசாரியுங்கள். கிடைத்தால், திரட்டிய பணம் கதவுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் ஆகும்.