டைட்டனேட் நானோ ஏடுகள்: வேலூர் வட்டாரக் கேள்விகளுக்குப் பதில்

காட்பாடி, எம்.எஸ்சி. மாணவி: துத்தநாக ஆக்சைடையே நானோமீட்டர் தடிமனுள்ள ஒற்றை ஏடாக உரித்துவிட முடியாதா சார்?

உரிக்க வராதும்மா. எல்லாப் பக்கமும் வலுவான பிணைப்பு, பிரிய இடுக்கே இல்லை. 2007இல் வெள்ளிப் படிகத்தின் மேல் இரண்டடுக்காக வளர்த்துக் காட்டினார்கள். அங்கே அது தன் வழக்கமான அமைப்பை விட்டுத் தட்டையாகிவிட்டது. அவ்வளவு மெல்லிசில் ஒரு முகம் நேர்மின்சுமை, மறுமுகம் எதிர்மின்சுமை என்று நிற்பது அதற்குக் கட்டுப்படியாகாது. ஏடு உரிக்கணும்னா, அடுக்கடுக்காக அமைந்த சீசியம் டைட்டனேட்டில் தொடங்குங்க.

குடியாத்தம்: அந்த ஏட்டுக்கு மின்சுமை எங்கிருந்து வருது?

வாய்ப்பாட்டிலேயே இருக்கு. சீசியம் 0.7, டைட்டானியம் 1.825, ஆக்சிஜன் 4. டைட்டானியம் 2 இருக்க வேண்டிய இடத்தில் 0.175 காலி. ஒரு டைட்டானியத்துக்கு நேர்மின்சுமை 4, ஆக 0.175 × 4 = 0.7 குறைகிறது; ஏடு எதிர்ச்சுமையோடு நிற்கும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அடுக்குகளுக்கு நடுவில் சீசியம்.

ராணிப்பேட்டை, ஆய்வு மாணவர்: அமிலத்தால் சீசியத்தைப் புரோட்டானாக மாற்றி, அடுக்கைப் பிரிக்கும் டிபிஏ (டெட்ராபியூட்டைல் அமோனியம்) ஹைட்ராக்சைடில் பத்து நாள் ஆட்டியும் தூள் அடியிலேயே தங்குது சார்.

தூளை எப்படிக் காயவைத்தீங்க? ஓவனில் சூடேற்றியிருந்தால் அடுக்குகளுக்கு இடையிலுள்ள நீர் போய் அடுக்குகள் நெருங்கியிருக்கும், அப்புறம் டிபிஏ உள்ளே நுழையாது. காற்றில் உலர்ந்தால் போதும். அடுத்து எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவு) எடுங்க. அடுக்கு இடைவெளி 0.86 நானோமீட்டரிலிருந்து 0.94 பக்கம் போயிருக்கணும். பழைய 0.86 உச்சி மிச்சமிருந்தால் சீசியம் முழுக்க வெளியேறலை: 1 கிராமுக்கு 100 மில்லி, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், தினமும் புதுசு, நாலு நாள்.

அளவிலும் பலர் தவறுவார்கள். 100 மில்லியில் 0.4 கிராம் தூள் என்றால் புரோட்டான் சுமார் 1.65 மில்லிமோல். டிபிஏவும் அதே அளவு, அதாவது 40 சதவீதக் கரைசலில் ஏறக்குறைய 1.1 மில்லி. நிறைய ஊற்றினால் நல்லா பிரியும் என்பது தப்புக் கணக்கு. அடுக்கு ஊதிப் பெருக்கும், ஆனால் உரியாது. காந்தக் கலக்கியால் வேகமாகக் கலக்கினால் ஏடு நொறுங்கும், ஷேக்கரே போதும். நம்ம ஊர் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், கால்சியம் ஏடுகளைத் திரட்டிவிடும். அயனி நீக்கிய நீர்தான்.

பிரிந்ததா என்று பார்க்க, ஏடுகள் மிதக்கும் கூழ்மத்தை நீர்க்கச் செய்து யூவி (புற ஊதா) நிறமாலைமானியில் வையுங்க: 265 நானோமீட்டர் அருகே உச்சி வரணும்.

ஆம்பூர்: டேனரிக் கழிவுநீரில் குரோமியத்தை இது பிடிக்குமா?

மூன்று இணைதிறன் குரோமியம் நேர் அயனி, எதிர்ச்சுமை ஏட்டில் ஒட்டும். ஆறு இணைதிறன் குரோமேட் எதிர் அயனி, இந்த ஏடு அதைத் தள்ளும். ஆனால் தோல் உப்பு கலந்த நீரில் கூழ்மமே திரிந்துபோகும். வடிகட்டிப் படிந்த பொருளாகப் பயன்படுத்தினால்தான் நடைமுறைக்கு ஆகும்.

வேலூர்: மே மாத வெயிலில் கெட்டுடுமா?

சூடு ஒன்றும் செய்யாது. குவார்ட்ஸ் மேல் ஒற்றை ஏடு அனடேஸாக (டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு படிக வடிவம்) மாற 800 டிகிரி வேணும், பல ஏடு அடுக்கினால் 400–500 போதும். புற ஊதாக் கதிர்தான் ஆபத்து: ஏடே ஒளிவினையூக்கி, தன்னைப் பிரித்து வைத்திருக்கும் டிபிஏவையே தின்றுவிடும். மூடிய பிளாஸ்டிக் பாட்டிலில், இருட்டில் வையுங்க. ஃப்ரீஸரில் மட்டும் வைக்காதீங்க.