நையாண்டியாக எழுதி ஒரு சமூகத்தின் மேல் குத்தப்பட்ட முத்திரையைக் கேள்விக்கு உள்ளாக்க முடியுமா? எப்படி எழுத வேண்டும்?

முடியும். ஆனால் பெரும்பாலான நையாண்டி நம் பக்கம் ஏற்கெனவே இருப்பவர்களைச் சிரிக்க வைப்பதோடு நின்றுவிடுகிறது. எதிர்ப்பக்கம் இருப்பவர் அதே வரிகளைப் படித்து, "சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்று நாலு பேருக்கு அனுப்பிவிடுவார். 1971இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஆல் இன் த ஃபேமிலி' தொடருக்கு இதுதான் நடந்தது. அதில் வரும் ஆர்ச்சி பங்கர், இன வெறுப்பைக் கேலி செய்வதற்கென்றே உருவாக்கிய பாத்திரம். உளவியலாளர்கள் நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் தெரியவந்தது வேறு: இன வெறுப்பு அதிகம் உள்ளவர்கள் ஆர்ச்சியை மெச்சினார்கள், வாக்குவாதத்தில் அவரே ஜெயிப்பதாகவும் நினைத்தார்கள்.

நையாண்டி புரிய வேண்டுமென்றால், மேலோட்டமாகச் சொல்வதைப் பொய்யாக்கும் ஓர் உண்மை வாசகர் கையில் இருக்க வேண்டும். முத்திரையை நம்புகிறவரிடம் இல்லாதது அந்த உண்மைதான். அதனால் அதை நீங்களே எழுத்துக்குள் வைத்துவிட வேண்டும். புறநானூறு 95ஆம் பாட்டில் ஔவை செய்வது இதைத்தான். எதிரி மன்னன் தொண்டைமானின் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன என்று புகழ்கிறார். தன் மன்னன் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றனவாம். 'பகைவரைக் குத்தி' என்ற அந்த இடத்தில் புகழ்ச்சி தலைகீழாகிவிடுகிறது. வசைச்சொல் ஒன்றுகூட இல்லை.

இனி செய்முறை. முதலில், ஒரு முத்திரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி மக்கள் உண்மையில் சொல்லும் வாக்கியங்களைப் பதினைந்து இருபது சேருங்கள்: விளம்பரங்கள், பின்னூட்டங்கள், கல்யாண வீட்டுப் பேச்சு. அவற்றில் ஐந்தாறு போதும். கோபமாகச் சொன்னதைத் தள்ளிவிட்டு, நல்ல மனசோடு சொன்னதை வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு வரன் விளம்பரம்:

"மணமகன் தேவை. பெண் 29, எம்.இ., சொந்த வீடு. பையன் நல்ல நிறமாக, குடும்பப் பாங்காக, அதிர்ந்து பேசாதவராக இருக்க வேண்டும். சமையல் தெரிந்திருப்பது அவசியம். படித்திருக்கலாம், பெண்ணைவிட அதிகம் வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போக அனுமதிப்போம்."

இதில் புதிதாகக் கண்டுபிடித்த வரி எதுவும் இல்லை. எல்லாமே பெண்களுக்குச் சொல்லப்படுபவை, ஆளை மட்டும் மாற்றியிருக்கிறது. அடி விழுவது 'அனுமதிப்போம்' என்பதில். இருப்பதிலேயே பெருந்தன்மையான வரி அது, அதனால்தான் கடைசியில் வருகிறது. இதோடு "தினமும் மாமியார் காலில் விழ வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தால் எல்லாம் கெட்டுவிடும். மிகைப்படுத்திய அந்த நொடியே வாசகர், "எங்க வீட்ல அப்படியெல்லாம் இல்லப்பா" என்று தப்பித்துக்கொள்வார். மிகை வேண்டுமென்றால் எண்ணிக்கையில் காட்டுங்கள். தனி வரி ஒவ்வொன்றும் நம்பும்படியாக இருக்கட்டும்.

தலைகீழாக்கும் உத்திக்கு ஒரு வழுக்கல் இருக்கிறது. ஆண் சமைப்பதே சிரிப்பு என்று வாசகர் எடுத்துக்கொண்டால் நீங்கள் பழைய முத்திரைக்குத்தான் வேலை செய்திருக்கிறீர்கள். அடுப்படியில் திணறும் கணவன் காட்சி எழுதாதீர்கள். கேட்பவர்களின் தோரணைதான் கேலிக்குரியது. கென்ய எழுத்தாளர் பின்யவாங்கா வைனைனா 2005இல் 'கிராண்டா' இதழில் ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதுவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். முழுக்க அறிவுரை வடிவம்: ஐம்பதுக்கு மேல் நாடுகள் உள்ள கண்டத்தை ஒரே நாடு போல நடத்துங்கள், விலங்குகளை மட்டும் குணச்சித்திரம் உள்ள பாத்திரங்களாகக் காட்டுங்கள் என்று போகிறது. ஆப்பிரிக்கர்கள் அப்படியில்லை என்று அவர் எங்கும் வாதாடவில்லை. குறி ஆப்பிரிக்கர் மேல் இல்லை, எழுதுகிறவர் மேல். இது சரியாக அமைந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நம்மூரில் இன்று தேவைப்படும் களம், வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றிய பேச்சு. இங்கே உள்ளே வைக்க வேண்டிய உண்மை வரலாற்றிலேயே கிடைக்கிறது. 1966இல் தொடங்கிய சிவசேனா கட்சி, மும்பையில் தென்னிந்தியர்கள் வேலைகளைப் பறிப்பதாகப் பிரசாரம் செய்தது. அதன் நிறுவனர் பால் தாக்கரேயின் 'மார்மிக்' இதழ் அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியல் போட்டது. "ஒரே ரூம்ல பத்துப் பேர், மொழி தெரியாது, குறைஞ்ச கூலிக்கு வந்து நம்ம ஆளுங்க பொழப்பைக் கெடுக்கிறாங்க" என்று இங்கே கேட்கும் பேச்சை வாசகர் கடிதமாக எழுதுங்கள். படிப்பவர் தலையாட்டிக்கொண்டே வரும்போது, ஐந்தாவது வரியில் ஊர் மும்பை, ஆண்டு 1967, ஆள் லுங்கி கட்டிய மதராசி என்று தெரியட்டும். அது கடைசி வரியில் தெரிந்தால் வெறும் திடுக்கிடல்தான். நடுவில் தெரிந்தால், மீதிக் கடிதத்தை அவர் சங்கடத்தோடு படித்தாக வேண்டும்.

நீளம்: விளம்பரம், அறிவிப்பு வடிவங்களுக்கு 60 முதல் 100 சொற்கள். அறிவுரை, கடிதம் என்றால் 400. அதைத் தாண்டினால் உத்தி பிடிபட்டுவிடும்.

வெளியிடுமுன் ஏதேனும் மூன்று வரிகளை மட்டும் வெட்டி எடுத்துப் பாருங்கள். யாரோ ஒருவர் அதைப் படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் போகிறார். அந்த மூன்று வரி வெறுப்புப் பதிவாகவே பயன்படும் என்றால், உண்மையைப் போட்டு உடைக்கும் சொல் அந்த இடத்தில் இல்லை, சேருங்கள். அடுத்து, உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரிடம் முன்னுரை எதுவும் சொல்லாமல் கொடுங்கள். "இது யாரைக் கிண்டல் பண்ணுது?" என்று மட்டும் கேளுங்கள். முத்திரை குத்தப்பட்டவர்களைச் சொன்னால் திருத்துவதில் பயனில்லை, வடிவத்தையே மாற்றுங்கள்.

சிரிப்புப் பொம்மை (எமோஜி), ஆச்சரியக்குறி, முடிவில் விளக்கம் மூன்றும் வேண்டாம். பின்னூட்டத்தில் யாராவது உண்மையென்று நம்பிக் கேட்டால் மட்டும் கிண்டலை விட்டுவிட்டு நேராகப் பதில் சொல்லுங்கள்; அவரையும் கலாய்த்தால் அடுத்த கேள்வி வராது. முத்திரை குத்தப்பட்ட மக்கள் தாக்கப்பட்ட செய்தி சூடாக இருக்கும் நாட்களில் நையாண்டியே வேண்டாம். பாதிக்கப்பட்டவரும் அதைப் படிப்பார்.