பதில்: 90 டிகிரியில் வைத்த மாவுச்சத்துக் கரைசலில் அயோடின் நீலம் வரவில்லை

வணக்கம். உமிழ்நீர் விட்ட குழாய், விடாத குழாய் இரண்டிலும் நீலம் வராததால் 'மாவுச்சத்து முழுக்கச் செரித்துவிட்டதா' என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, காரணம் சூடுதான். மாவுச்சத்தில் உள்ள அமைலோஸ் குளுக்கோஸ் கோத்த நீளச் சங்கிலி. அது சுருள்வில் போலச் சுருண்டு, சுற்றுக்குச் சுமார் 6 குளுக்கோஸாக நிற்கும். அந்தச் சுருளின் உட்குழியில் அயோடின் வரிசையாக அடைபட்டால்தான் நீலம். சூட்டில் அயோடின் வெளியேறிவிடும். இரண்டையும் குளிர்ந்த நீரில் ஆறவிடுங்கள், நிறம் திரும்பும்.

உமிழ்நீர்க் குழாயும் பெரும்பாலும் நீலமாகவே மாறும். உமிழ்நீரில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியான அமைலேஸ் ஒரு புரதம். 90 டிகிரியில் அதன் மடிப்பு குலைந்து வேலை நின்றுவிடும்.

திரும்பச் செய்யும்போது 1 கிராம் மாவுச்சத்தைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் 100 மி.லி. நீரில் ஊற்றிக் கிளறி, நன்றாக ஆறவிடுங்கள். குழாய்க்கு 5 மி.லி., 37 டிகிரி நீரில் 5 நிமிடம். பிறகு 1 மி.லி. உமிழ்நீர். நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து, வெள்ளைப் பீங்கான் ஓட்டில் உள்ள அயோடின் சொட்டோடு கலந்து பாருங்கள். நீலம், ஊதா, செம்பழுப்பு என்று மாறி, கடைசியில் அயோடினின் மஞ்சள் மட்டும் மிஞ்சும். அந்தச் செம்பழுப்பைத் தவறவிடாதீர்கள், சங்கிலி குட்டையாகிவருவது கண்ணுக்குத் தெரியும் இடம் அது.

ஒப்பீட்டுக் குழாயில் கொதிக்கவைத்து ஆறிய உமிழ்நீரை விடுங்கள். அயோடின் வெளிர் தேநீர் நிறத்தில் இருந்தால் போதும். எலுமிச்சைச் சாறு பட்ட பாத்திரம் வேண்டாம். வைட்டமின் சி அயோடினை நிறமற்ற அயோடைடாக்கிவிடும்.