ஸ்கேல் வேகமாக வருகிறது, சோலோ மட்டும் ஒட்டவில்லை என்றால்

கிட்டாரில் ஏ மைனர் பென்டடானிக்கை (ஐந்து சுர ஸ்கேல்) நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் தடுமாறாமல் வாசிக்கிறீர்கள். ஏ மைனர், எஃப், சி, ஜி கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மேல் சோலோ போட்டால் மட்டும் பயிற்சி மாதிரியே கேட்கிறது என்கிறீர்கள். விரலில் குறையில்லை. கார்டு மாறுவதைக் காது கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 60-க்கு இறக்குங்கள், கார்டுக்கு நான்கு தட்டு. முதல் தட்டில் அந்தக் கார்டின் மூன்றாம் சுரத்தை (கார்டின் பெயர்ச் சுரத்தை ஒன்று என எண்ணினால் மூன்றாவது) மட்டும் வாசியுங்கள்: ஏ மைனருக்கு சி (3ஆம் கம்பி, 5ஆம் ஃப்ரெட்), எஃப்புக்கு ஏ (4ஆம் கம்பி, 7), சி-க்கு ஈ (2ஆம் கம்பி, 5), ஜி-க்கு பி (3ஆம் கம்பி, 4). இந்த பி உங்கள் பென்டடானிக்கிலேயே கிடையாது! ஜி வரும்போது சோலோ தொங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இது கைக்கு வந்தபின் இடையில் இரண்டு மூன்று சுரங்களைச் சேருங்கள். வெறுமனே ஸ்கேல் ஏறி இறங்க தினம் பத்து நிமிடம் போதும்.