பெயர் தெரியாதவர்கள் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதுவதும் ஒரு சின்ன விஷயத்துக்காகத்தான்.

எனக்கு வயது 36. பாரிமுனையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை. குரோம்பேட்டையில் ஒரு வீட்டின் மாடியில் தனியாக இருக்கிறேன். மாலையில் கடற்கரை நிலையத்தில் தாம்பரம் வண்டி பிடிப்பேன். மகளிர் பெட்டியில் எனக்கு எதிரே வழக்கமாக ஒரு அம்மா உட்காருவார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பத்ரியன் தெருவில் உதிரி மல்லி வாங்கிக்கொண்டு வந்து, மடியில் ஈரத்துணி விரித்து, பூவைக் கொட்டிக் கட்டத் தொடங்குவார். நூல்கண்டு கைப்பைக்குள் இருக்கும். ஜிப் ஓரமாக நூல் மட்டும் வெளியே வரும். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. மீனம்பாக்கம் வரும்போது மடி காலியாகிவிடும். பல்லாவரத்தில் இறங்கிவிடுவார். மார்கழியில் மல்லி விலை ஏறிவிட்டால் கனகாம்பரம் கொண்டு வருவார்.

நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. நான் முந்தி வந்தால் எதிர் இருக்கையில் பையை வைத்து அவருக்கு இடம் பிடிப்பேன். அவர் முந்தி வந்தால் எனக்குப் பிடிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை ஒரு சாண் பூவைக் கத்தரித்து என் கையில் வைத்தார். நான் பூ வைத்துக்கொள்வதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டி படத்துக்குப் போட்டேன். ஒருநாள் மழையில், கிண்டிக்கும் பரங்கிமலைக்கும் நடுவே வண்டி நின்று, பெட்டியில் விளக்கும் போய்விட்டது. கைபேசி வெளிச்சத்தை அவர் மடியை நோக்கிப் பிடித்தேன். நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து கட்டிக்கொண்டே இருந்தார். எங்களுக்குள் நடந்ததெல்லாம் இவ்வளவுதான்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவர் வருவதில்லை. இரண்டு மாதமாகிறது. வேறு யாராவது அந்த இடத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கோபம்கூட வருகிறது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "தனியாக இருந்து இருந்து உனக்கு இப்படி ஆகிவிட்டது. மனிதர் முகத்துக்கு ஏங்கிப்போய்விட்டாய்" என்றார்.

பெயர்கூடத் தெரியாத ஒருவருக்காக இப்படி வருந்துவது இயல்பா? அம்மா சொல்வதுபோல இது தனிமையின் கோளாறா? இதைக் கதையாக எழுதிப் பார்க்கலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அம்மாவின் கவலை எனக்குப் புரிகிறது. மகள் தனியாக இருக்கிறாள் என்ற நினைப்போடு தூங்கப்போகிற எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வார். ஆனால் அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஏங்கிப்போனவர் கண்ணுக்கு எதிரில் இருப்பவர் சரியாகத் தெரியமாட்டார், தன் ஏக்கம்தான் தெரியும். நூல்கண்டு எங்கே இருந்தது, நூல் எந்த வழியாக வெளியே வந்தது, எந்த நிலையத்தில் மடி காலியானது என்று எழுதுகிறீர்கள். இது ஒரு மனுஷியை உள்ளபடி பார்த்த கண். பக்கத்து மேசையில் ஆண்டுக்கணக்காக வேலை செய்கிறவரின் கைகள் எப்படியிருக்கும் என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது.

பெயர் தெரியாது என்பதை ஒரு குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். நம் மரபில் அது குறையே இல்லை. காதலைப் பாடும் அகப்பாடல்களில் ஒருவருடைய இயற்பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பெயர் வந்தால் அது போரையும் அரசரையும் பாடும் புறத்துக்குப் போய்விடும். நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் பெயரே வரவில்லை. வேலின் தலையில் கட்டிய வேம்பு பாண்டியர்களின் பூ, அது பாண்டியனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்று அந்த ஒரு அடையாளத்துக்காகவே உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைப் புறம் என்றார். மனத்துக்கு மிக அருகில் நடப்பவற்றைப் பெயரில்லாமல் பேசுவதே முறை என்று கருதிய மொழி நம்முடையது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. குறுந்தொகையின் 41ஆம் பாட்டில் ஒரு பெண் பேசுகிறாள். அவர் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊரைப்போல மகிழ்கிறேன். அவர் பிரிந்துவிட்டால், ஆட்கள் விட்டுப்போன சிற்றூரில், முற்றத்தில் அணில் விளையாடும் தனித்த வீட்டைப்போலப் பொலிவிழந்து வருந்துகிறேன் என்கிறாள். பாடியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த முற்றத்து அணிலை வைத்து 'அணிலாடு முன்றிலார்' என்று அழைக்கிறோம். யாருமில்லாத வாசலில் ஓடிய அணிலை ஒருவர் நின்று பார்த்திருக்கிறார். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதை வைத்தே இத்தனை நூற்றாண்டுகளாக அவரை அறிந்தவர்கள்போலப் பேசுகிறோம். உங்களுக்கு அவர் பூக்கட்டும் அம்மா. அந்தப் பெயர் போதும்.

இயல்பா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை ஆராய்ந்து 1972இல் எழுதினார். அவருடைய மாணவர்கள் ரயில் நிலையத்தில் காலை வண்டிக்குக் காத்திருந்தவர்களைப் புகைப்படம் எடுத்தார்கள். அடுத்த வாரம் அதே நிலையத்தில் படங்களைக் கொடுத்து, யார் யாரைத் தெரியும் என்று கேட்டார்கள். ஒருமுறைகூடப் பேசியிராமல் முகம் மட்டும் நன்றாகத் தெரிந்தவர்கள் என்று ஒவ்வொருவரும் சராசரியாக நான்கு பேரைக் காட்டினார்கள். மில்கிராம் இதை உறவின்மை என்று சொல்லவில்லை. இருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே மௌனத்துக்கு ஒப்புக்கொண்ட ஒருவகை உறவு என்றார். அதுவரை அவரோடு உடன்படுகிறேன். ஆனால் பெருநகரத்தின் நெரிசலிலிருந்து மனத்தைக் காத்துக்கொள்ளவே மனிதர்கள் இப்படி மௌனமாக இருக்கிறார்கள் என்று அவர் காரணம் சொல்வது உங்கள் பெட்டிக்குப் பொருந்தாது. பையை வைத்து இடம் பிடித்தவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளவில்லை. நாள் முழுதும் யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டே இருந்த இரண்டு பெண்கள், அந்த ஒரு மணி நேரம் ஒருவரையொருவர் பேசவைக்காமல் விட்டீர்கள். அதை மரியாதை என்றுதான் நான் சொல்வேன்.

மில்கிராம் கவனித்த இன்னொன்று எனக்கே நடந்திருக்கிறது. இப்படி முகம் மட்டும் பழகியவர்கள் வழக்கமான இடத்தை விட்டு எங்கோ தொலைவில் சந்தித்தால் பேசிக்கொள்வார்கள் என்கிறார். சென்னையில் இருந்த காலத்தில் எழும்பூர் கன்னிமரா நூலகத்தின் நாளிதழ்ப் பகுதிக்குக் காலையில் போவேன். அங்கே ஒரு நாளிதழைப் பலர் தாள்தாளாகப் பிரித்துப் படிப்பார்கள். ஒரு பெரியவர், தலையங்கம் இருக்கும் தாளைத் தான் படிக்குமுன்பே மடித்து என் பக்கம் நகர்த்திவிடுவார். நான் அதைத்தான் முதலில் தேடுவேன் என்பதை எப்போதோ கண்டுகொண்டிருக்கிறார். முகத்தைப் பார்க்கமாட்டார். ஒரு கோடையில் தாராசுரம் கோயிலில், தேர்ச் சக்கரம் செதுக்கிய மண்டபத்தருகே அவர் எதிரே வந்தார். "நீங்களா!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். நிழலில் உட்கார்ந்து வெயில் தாழும்வரை பேசினோம். மனைவி இறந்தது, மகனிடம் பேச்சுவார்த்தை நின்றுபோனது எல்லாவற்றையும் சொன்னார். நானும் யாரிடமும் சொல்லாத சிலவற்றைச் சொன்னேன். கட்டிக்கொண்டு வந்திருந்த தயிர்ச்சோற்றில் பாதியை இலையோடு பிய்த்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம் நூலகத்தில் பழைய மௌனம் அப்படியே இருந்தது. தலையங்கத் தாள் மடிந்து வந்தது. தாராசுரத்தை இருவரும் எடுக்கவில்லை. அந்தப் பேச்சு பொய்யாகிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை, இந்த மௌனம் குறைந்துவிட்டதாகவும் தோன்றவில்லை. பிறகு எனக்கு மாற்றல் வந்தது. நான் கிளம்பிய வாரத்தில் அவர் நூலகத்துக்கு வரவில்லை, சொல்லிக்கொள்ள வேறு வழியும் இருக்கவில்லை. ஆகவே நான் ஏன் வருவதில்லை என்று அவருக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தை வாசிக்கும்போது நான் உங்கள் இடத்தில் மட்டும் இல்லை, அந்த அம்மாவின் இடத்திலும் இருந்தேன். மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கலாம். ஓய்வு பெற்றிருக்கலாம், அலுவலகம் இடம் மாறியிருக்கலாம், உடம்புக்கு முடியாமலும் இருக்கலாம். எதுவானாலும் உங்களிடம் சொல்ல அவருக்கு வழி இல்லை. உங்கள் பெயர் அவருக்கும்தான் தெரியாது.

2020 மார்ச் இறுதியில் ரயில்கள் நின்றபோது இந்த உறவுகளின் எடை என்ன என்று பலருக்கு முதல்முறையாகத் தெரிந்தது. நண்பர்களோடும் உறவினர்களோடும் பேசத் தொலைபேசி இருந்தது. முன்பைவிட அதிகமாகவே பேசினோம். தினமும் நம் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிற ஆளுக்கு எந்த எண்ணைக் கூப்பிடுவது? இஸ்திரி வண்டிக்காரர், நடைமேடையில் சுண்டல் விற்கிறவர், மூன்றாவது பெட்டியின் வாசலிலேயே நிற்கிற மனிதர் என்று ஒரு பெரும் கூட்டமே ஒரே நாளில் நம்மிடமிருந்து போய்விட்டது. வண்டிகள் திரும்ப ஓடத் தொடங்கியபோது அவர்களில் சிலர் வரவில்லை. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எந்த அஞ்சலிக் குறிப்பிலும் நாம் படிக்கவில்லை. அந்தத் துக்கத்தை நாம் துக்கமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆகவே உங்கள் வருத்தத்துக்கு நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

தனிமையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தனியாக இருப்பதைத் தவம்போல உயர்த்தி எழுதும் கட்டுரைகளில் எனக்கு உடன்பாடில்லை. நம் ஊரில் தனியாக இருக்கும் பெண் எரிவாயு உருளை வாங்குவதிலிருந்து வீட்டுக்காரரின் கேள்விகள்வரை எத்தனையைத் தாண்ட வேண்டும் என்பதை அந்தக் கட்டுரைகள் பேசுவதில்லை. தனியாக இருப்பதால் உங்களுக்கு எதிர் இருக்கை தெரிந்தது உண்மைதான். வீட்டுக்குப் போனதும் பத்துப் பேருக்குச் சமைக்க வேண்டியவர் வண்டியில் கண்ணை மூடிக்கொள்வார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் பெட்டியில் எதிரே உட்காருகிறவர் கதவைத் தட்டப்போவதில்லை. அதற்கு வேறு மனிதர்கள் வேண்டும். கீழ்வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு மாற்றுச் சாவி கொடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறையாவது யாரோடாவது உட்கார்ந்து சாப்பிடுங்கள். பூக்கட்டும் அம்மாவால் நிறைந்த இடம் வேறு, இது வேறு. ஒன்றைக் கொண்டு மற்றதை நிரப்பப் பார்த்தால் இரண்டுக்கும் பாரம்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. அவரைப் பற்றி யாரிடமாவது விசாரித்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் பெட்டியில் உங்கள் இருவரைத் தவிர இன்னும் எத்தனையோ பேர் தினமும் வருகிறார்கள். பல்லாவரத்தில் அவரோடு இறங்குகிறவர்கள் இருப்பார்கள். பத்ரியன் தெருவில் தினமும் அவருக்குப் பூ அளந்து கொடுத்தவர் இருப்பார். கேட்டால் விநோதமாகப் பார்ப்பார்களோ என்று தயங்கியிருப்பீர்கள். சிகாகோ பகுதியின் ரயில் பயணிகளிடம் நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் ஒரு சோதனை செய்து 2014இல் வெளியிட்டார்கள். சிலரைப் பக்கத்தில் இருக்கும் புதியவரோடு பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள், சிலரை வழக்கம்போல விட்டுவிட்டார்கள். பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. ஆனால் எது இனிமையாக இருக்கும் என்று முன்கூட்டி ஊகிக்கச் சொன்னபோது பயணிகள் நேர்மாறாகச் சொன்னார்கள். அடுத்தவருக்குப் பேச விருப்பமிருக்காது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தினமும் எல்லோரிடமும் பேசிக்கொண்டே போக வேண்டும் என்று இதிலிருந்து நான் முடிவு கட்டமாட்டேன். உங்கள் மௌனத்தை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கவும் சொல்லமாட்டேன். ஆனால் "இங்கே உட்கார்ந்து பூக்கட்டுவாரே, அந்த அம்மாவைக் கொஞ்ச நாளாகக் காணோமே" என்ற ஒரு கேள்விக்கு, மகளிர் பெட்டியில் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளமாட்டார்கள். நான்கு பேராவது ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

கேட்டு ஒன்றும் தெரியாமல் போகலாம். கெட்ட செய்தியும் வரலாம். அதற்காகக் கேட்காமல் இருப்பது சரியில்லை. ஒருவர் வராமல் போனதை ஒருவராவது வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

கதையைப் பொறுத்தவரை என் யோசனை இது. விசாரித்து முடிக்கும்வரை எழுதாதீர்கள். இப்போது எழுதினால் அவருக்கு ஒரு பெயர் வைப்பீர்கள், குடிகார மகனையோ மார்பு வலியையோ கொடுத்துவிடுவீர்கள். கதை நன்றாகக்கூட வரலாம், ஆனால் நீங்கள் பார்த்த மனுஷி அதில் இருக்கமாட்டார். உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கடிதத்தில் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள். விளக்கு போன பெட்டியில் அவர் நிமிர்ந்து பார்த்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தீர்களே, கதையும் அந்த அளவிலேயே நிற்கட்டும்.

முதலில் பல்லாவரத்தில் இறங்குகிறவர்களிடம் கேளுங்கள். என்ன தெரிந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.