மாசக் கடைசி செக்கிங்: டார்கெட் உண்டா?

கேள்வி: ராயபுரம் கல்மண்டபம் பக்கம் மாசக் கடைசி வந்தாலே டிராஃபிக் போலீஸ் வரிசையாக நிற்கிறார்கள். என் மகன் தலையில் ஹெல்மெட் இருந்தது. பட்டி மாட்டவில்லை என்று 1,000 ரூபாய் சலான். "மேலிடத்து டார்கெட், நாங்க என்ன பண்றது?" என்று போலீஸ்காரரே சொன்னாராம். இதைச் சொல்லிக் கேஸை உடைக்க முடியுமா?

பதில்: முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ம் பிரிவுப்படி ஹெல்மெட்டைப் பட்டியால் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். சும்மா கவிழ்த்து வைத்தால் போடாததாகத்தான் கணக்கு. எந்தக் காரணத்துக்காக அங்கே நின்றார்கள் என்பதை கோர்ட் பார்க்காது, தப்பு நடந்ததா என்றுதான் பார்க்கும்.

டார்கெட் விஷயத்துக்கு வருவோம். ஒரு நாளில் இத்தனை கேஸ் போட்டே ஆக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கும் இல்லை. வைக்கவே கூடாது என்று தடுக்கும் பிரிவும் அதில் இல்லை. நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற அமெரிக்க மாநிலங்களில் அப்படித் தடுக்கவே சட்டம் உண்டு. இங்கே அழுத்தம் வருவது ரிவ்யூ மீட்டிங்கில். ஸ்டேஷன் வாரியாகக் கேஸ் எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, குறைவாக இருக்கிற இன்ஸ்பெக்டர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனில் '75 கேஸ்' (பொது இடத்தில் ரகளை செய்ததாகப் போடும் சின்னக் கேஸ்) எகிறுவதற்குப் பின்னாலும் பல நேரம் இதே கணக்குதான்.

எங்கள் பார்வையில் நிஜமான கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு ஹெல்மெட் கேஸுக்கு இ-சலான் மெஷினில் இரண்டு நிமிடம் போதும். எண்ணூர் விரைவுச் சாலை ஓரம் நிற்கும் கன்டெய்னர் லாரியை நகர்த்த டிரைவரைத் தேட வேண்டும், இழுவை வண்டி வர வேண்டும், துறைமுக கேட்டில் வரிசை நகர வேண்டும். அரை நாள் போனாலும் கணக்கில் ஏறுவது ஒன்றுதான். எண்ணிக்கையை மட்டும் கேட்டால் பைக்கைத்தான் பிடிப்பார்கள்.

இன்னொன்று. சென்னையில் ஸ்பாட்டில் ரொக்கம் வாங்குவது 2018-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. "டார்கெட் இருக்கு, 200 குடுத்துட்டுப் போ" என்று யாராவது கேட்டால் அதற்கும் டார்கெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. மெஷினில் ஏறாத கேஸ் எந்தக் கணக்கிலும் சேராது.

சலான் வந்ததும் மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, இடம், நேரம், பிரிவு, படம் நாலையும் பாருங்கள். நம்பர் பிளேட்டில் ஒரு எழுத்து மாறி அடுத்தவர் கேஸ் உங்கள் தலையில் விழுவதுண்டு. பெயர் மாற்றாமல் விற்ற பழைய வண்டியும் அப்படித்தான். அப்படி இருந்தால் பணம் கட்டாதீர்கள், கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதே தளத்தில் புகார் பதியுங்கள். கேமரா பிடித்த கேஸ் என்றால் 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், சலான் முடியும்வரை பதிவை வைத்திருக்கவும் வேண்டும் என்பது 2021 விதி.

மாசக் கடைசி சந்தேகத்தைத் தீர்க்க ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடலாம். "டார்கெட் உண்டா?" என்று கேட்காதீர்கள்; "அப்படி ஆவணம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கடந்த 12 மாதத்தில் உங்கள் பகுதி போக்குவரத்து ஸ்டேஷன் போட்ட கேஸ்களைத் தேதி வாரியாக, பிரிவு வாரியாகக் கேளுங்கள். கேஸ் எண்ணிக்கை பற்றி அந்த ஸ்டேஷனுக்கு வந்த சுற்றறிக்கை, மெமோ நகல்களையும் கேளுங்கள். 25-ம் தேதிக்கு மேல் எண்ணிக்கை ஏறுகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வேப்பேரி கமிஷனர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எண்ணூர், மீஞ்சூர் பக்கம் நடந்தது என்றால் ஆவடி கமிஷனரகம். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.